ஆடு முகராத இலை

அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு இங்கே காக்ஸ் டவுனில் ஒரு குறையும் இல்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு ஊருக்கு வர முடியவில்லை அல்லவா? கீழ்வீட்டு ஓனர் மாலினியம்மா சாப்பிடக் கூப்பிட்டார். கொங்கணிக்காரர்கள். விருந்தாம்! பெருங்காயம் கரைத்த பருப்புத் தண்ணீர். அதற்குத் தாளி தோய் என்று பெயர் வேறு. புளியும் இல்லை, காயும் இல்லை. நம் வீட்டில் காய்ச்சல்காரனுக்குக்கூட இதை ஊற்ற மாட்டீர்கள்.

கொழுக்கட்டை பிடிக்கவும் இவர்களுக்குக் கை வராது போல. மாவை மஞ்சள் செடியின் இலையில் பூசி, தேங்காயும் வெல்லமும் வைத்து, இலையோடு மடித்து அவிக்கிறார்கள். நம் தோட்டத்தில் ஆடுகூட முகராத இலை! அதைக் காசு கொடுத்து வாங்கிச் சாமிக்குப் படைக்கிறார்கள்.

படைத்ததாயிற்றே என்று நான் இலையோடு கடித்துவிட்டேன்.

"அய்யோ, எலை தின்ன பேடப்பா! பிரிச்சுட்டு சாப்பிடு" என்று மாலினியம்மா கன்னடம் கலந்த தமிழில் பதறினார்.

"மஞ்சள் வெளையிற ஊர்னு சொன்னீங்களே?" என்று அவர் மகள் சிரித்தாள்.

சிரிக்கட்டும். பாதியில் எழுந்தால் மரியாதையாக இருக்காதே என்று இன்னும் நான்கு தின்றேன்.

ஆபீஸ் வண்டி ஹார்ன் அடிக்கிறது. சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது, ஈரோட்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள். கூடவே மஞ்சள் இலை ஒரு கட்டு, கிழியாமல். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கொடுக்கிற சாக்கில் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை கீழே போகலாம்.

உங்கள்
பூபதி