எந்த மொழியில் தேடினாலும்

அக்டோபர் 21, செவ்வாய்

கணினி வகுப்பில் ஹ்ரோனெக் சாருக்கு இன்று தலைகால் புரியாத மகிழ்ச்சி. நூலகக்காரர்கள் புதிய தேடுதளம் திறந்திருக்கிறார்களாம். செர்பியன், ஹங்கேரியன், ஸ்லோவாக், ருமேனியன் என்று செர்பியாவின் வடக்கே நம் வட்டாரத்தில் வரும் பத்திரிகைகள் எல்லாம் ஒரே இடத்தில்.

"நீ செர்பியன்ல கேளு. விஷயம் ஹங்கேரியன்ல இருந்தாலும் தூக்கிட்டு வந்துடும். அது எழுத்தைப் பார்க்காது, அர்த்தத்தைப் பார்க்கும்" என்றார்.

"அப்ப என் பரீட்சைப் பேப்பர்ல அர்த்தம் இருக்கான்னு அதையே பார்க்கச் சொல்லுங்க சார்" என்றான் யாங்கோ. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு ஆளுக்கு ஒன்று தேடச் சொன்னார். விளையாட்டாகச் செர்பிய மொழியில் அடித்தேன்: இடது கையால் வயலின் வாசிக்கும் சிறுமி.

முதல் வரியிலேயே நான் வந்தேன்.

அக்டோபர் 22

தூக்கமில்லை. போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன வசந்தத்தில் எனக்குப் பரிசு கிடைத்தபோது இங்குள்ள ஸ்லோவாக் வார இதழ் போட்ட செய்தி அது. நெவெனா என்ற என் பெயரை ஆன்னா என்று மாற்றினார்கள். படமும் இல்லை. அம்மா சம்மதித்ததே அதனால்தான். "பேர் இல்ல, படம் இல்ல. அதுவும் ஸ்லோவாக்ல. உங்கப்பாவுக்கு அந்த மொழியில உப்புன்னு கேட்கக்கூடத் தெரியாதுடி."

ஆனால் மற்றதெல்லாம் இருக்கிறது. தெற்கே லெஸ்கோவாட்ஸிலிருந்து வந்தவள். தாய் தையல்காரி. இருவர் மட்டுமே. இந்த ஊரின் பெயர்.

பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு அம்மா தேர்ந்தெடுத்த, ஸ்லோவாக் பேசும் ஊர். இங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை என்பதால்தான் தேர்ந்தெடுத்தாள்.

அக்டோபர் 24

பத்திரிகை ஆசிரியர் கொர்னேலியா மேடத்துக்குப் பள்ளியிலிருந்து போன் செய்தேன். யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறோம் என்று சொன்னேன். "இப்பவே எடுத்துடறேன் கண்ணு" என்றார். எடுத்தும்விட்டார்.

மாலையில் மறுபடி தேடினேன். இதழின் பக்கம் இல்லை. ஆனால் தேடுதளம் தனக்கென்று ஒரு நகல் வைத்திருக்கிறது. அதில் அப்படியே இருக்கிறேன், செர்பிய மொழிபெயர்ப்போடு.

ஹ்ரோனெக் சாரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "ஒரு தடவை அட்டவணைல ஏத்திட்டா, அவங்க மறுபடி புதுசா ஏத்துற வரைக்கும் இருக்கும்மா. ஏன், எதையாவது தொலைச்சிட்டியா?"

இல்லை சார். கிடைத்துவிட்டேன்.

அக்டோபர் 30

நூலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பெட்டி, மறுபடி பேருந்து. இங்கேதான் அவள் பாட ஆரம்பித்திருக்கிறாள், தையல் மெஷின் ஓட்டிக்கொண்டே.

நவம்பர் 6

அந்தப் பக்கத்தின் அடியில் 'மற்றவர்கள் தேடியவை' என்று சில வரிகள் வரும். பன்றித் தீவன விலை. பழைய திருமணப் படங்கள். இன்று அவற்றுக்கு நடுவே:

இடது கை வயலின் சிறுமி காதருகே தீக்காயம்

செய்தியில் காயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் முடியை இறக்கித்தான் வாரிக்கொள்வேன். இங்கே யாரும் பார்த்ததில்லை.

இஸ்திரிப் பெட்டியை வைத்தவருக்குத் தெரியும்.

நவம்பர் 7

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். தைத்துக்கொண்டிருந்த பாவாடையின் ஓரத்தை முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

காவல் நிலையத்துக்கும் போனோம். "ஆள் வந்தா கூப்பிடுங்க" என்றார்கள். வந்த பிறகு யார் கூப்பிடுவது?

நவம்பர் 8

போவதா, இருப்பதா? எங்கே போவது? அங்கேயும் நான் இடது கையால்தானே வாசிப்பேன்.

நவம்பர் 10

பாவாடையைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து வீட்டு எர்ஜா அத்தையிடம் போன அம்மா நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் அத்தை மடியில் தலைவைத்து அழுதுகொண்டிருக்கிறாள். அத்தை பூண்டு உரித்த கையாலேயே அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியைக் கொண்டுபோய் உள்ள வை வெஸ்னா. பன்றி அறுப்புக்கு ஆள் பத்தல. இப்ப ஊரை விட்டுப் போனா குடலை யாரு கழுவறது, உன் புருஷனா?"

அம்மாவுக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

நவம்பர் 17

வண்டிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைக்கிறேன். அம்மாவும் விழித்துத்தான் இருக்கிறாள்.

நவம்பர் 29, சனி

வந்துவிட்டார்.

ஒழுங்காக எழுத வேண்டும்.

அத்தை வீட்டு முற்றத்தில் பன்றி அறுப்பு. பாதித் தெரு அங்கேதான். சாசேஜுக்கு மிளகாய்த்தூள் எடுக்க நான் இறைச்சிக்குப் புகைபோடும் அறைக்குள் போயிருந்தேன். அம்மா சமையலறையில். வாசலில் அந்தக் குரல். கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

"வணக்கம்மா. என் பொண்ணைத் தேடி வந்திருக்கேன். வயலின் வாசிக்கும்." எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார். எப்போதும் அப்படித்தான் தொடங்குவார்.

எர்ஜா அத்தை ஸ்லோவாக்கில் கத்தினாள்: "என்ன? பன்றி வேணுமா? வித்தாச்சு!"

அவர் கையிலிருந்த தாளைக் காட்டி மறுபடி செர்பிய மொழியில் சொன்னார். அடுத்து தபால்காரர் பாலோ மாமா. தினமும் செர்பிய மொழியில் எனக்கு ஜோக் சொல்கிறவர். ஸ்லோவாக்கில், மிகப் பணிவாக, "ஒண்ணும் புரியலையே ஐயா" என்றார். கசாப்புக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "என்னவாம் இவருக்கு?" "தெரியல, வழி தவறிட்டார்போல." ஆளாளுக்கு ஸ்லோவாக். இந்த ஊரில் செர்பிய மொழி தெரியாத ஒரு கோழிகூடக் கிடையாது!

"விளையாடறீங்களா? இந்த நாட்டுலதானே இருக்கீங்க? ஒருத்தருக்குமா தெரியாது?" குரல் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த குரல். நான் மிளகாய்த்தூள் ஜாடியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் நகரவில்லை. ஹ்ரோனெக் சார் மட்டும் போனை எடுத்துக் காவல் நிலையத்தில் பேசினார் — வந்தவர் காதில் விழும்படி, நல்ல செர்பிய மொழியில்.

அவர் வண்டி கிளம்பிப் போன பிறகும் வெகுநேரம் நான் வெளியே வரவில்லை.

நவம்பர் 30

நெடுஞ்சாலையில் பிடித்தார்களாம். வாக்குமூலம் கொடுக்க அம்மாவோடு முற்றத்திலிருந்த அத்தனை பேரும் போனார்கள். அவரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? தெரியாது. தேடுதளத்தில் இன்னும் இருக்கிறேன்.

டிசம்பர் 3

எப்போது கிளம்ப வேண்டியிருக்குமோ என்று இரண்டு குளிர்காலமாக விறகை மூட்டை மூட்டையாகத்தான் வாங்கினோம். இன்று காலை அம்மா ஒரு முழு வண்டி இறக்கினாள். சாயங்காலம் வரை அடுக்கினோம். சுவரில் பாதி உயரம் வந்திருக்கிறது. மீதி நாளைக்கு.