டேங்கைத் தட்ட ஓர் ஆள், சாவியைத் திருப்ப ஓர் ஆள்

வில்டூனா,
தெற்கு ஆஸ்திரேலியா.
பிப்ரவரி, ஞாயிறு மாலை.

அன்பு மருமகள் லொரெலுக்கு,

கிளெம் மாமா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் அந்த ஹோபார்ட் காற்றில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? என் உடம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விமானத்தில் வந்து போகும் டாக்டர் போன மாதம் என் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "யாரோ சின்னப் பையனோட ரத்தத்தைக் கடன் வாங்கிட்டு வந்திருக்கீங்க போல" என்றார். இந்த ஊரில் அவர் வேறு யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

உன் கடிதம் வந்து நாளாகிறது. "மாடி அறை சும்மாதான் கிடக்கு மாமா. ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும். வீட்டை வித்துட்டு வந்துடுங்க" என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று சொல்ல வேண்டும். கார்தான் காரணம்.

நம் வெள்ளைக் கார் உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் பின் இருக்கையில் வாந்தி எடுத்தாயே, அதுதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்கு இணையாக ஓடும் வண்டி இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அதற்கும் வயதாகிவிட்டது. பெட்ரோல் டேங்குக்குள்ளேயே ஒரு சின்ன மோட்டார் முங்கிக் கிடக்கும். அதன் பேர் ஃப்யூயல் பம்ப். அதுதான் பெட்ரோலை முன்னால் இருக்கிற இன்ஜினுக்குத் தள்ளிவிடும். அது சுற்றாவிட்டால் வண்டி வெறும் தகரப் பெட்டி. நம் வண்டியின் பம்புக்குப் போன வருடக் கோடையிலேயே நோவு வந்துவிட்டது. வெயில் ஏறினால் அதுவும் வேலையை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ஓர் ஆள் வண்டிக்கு அடியில் படுத்து டேங்கின் வயிற்றில் மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். அதே நேரத்தில் இன்னோர் ஆள் மேலே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். தூங்குகிறவன் முதுகில் அறைந்த மாதிரி பம்ப் விழித்துக்கொள்ளும். போன கோடை முழுக்க நானும் உன் நோலீன் அத்தையும் இப்படித்தான் ஓட்டினோம். நான் அடியில், அவள் மேலே. "தட்டுறியா, தடவிக்கொடுக்கிறியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பாள். "அடிச்சு ஓட்டை போடவா சொல்றே?" என்பேன் நான். "போடு, அப்படியாவது புது வண்டி வாங்குவியா பார்ப்போம்" என்பாள். குளிர்காலத்தில் வண்டி சரியாக ஓடியது. அத்தைக்குப் பக்கவாதம் வந்ததும் அந்தக் குளிர்காலத்தில்தான். உனக்குத் தெரிந்ததுதானே.

இப்போது வெயில் திரும்பிவிட்டது. அத்தை போர்ட் அகஸ்டா முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். சாவியைத் திருப்ப ஆள் இல்லை.

கோடை ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பார்க்கப் போகிற வழியில், உப்புச் செடியைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அடியில் புகுந்து தட்டினேன். எழுந்து ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். நான் ஓடிப் போவதற்குள் அது மறுபடி தூங்கிவிட்டது. திரும்பத் திரும்ப ஓடினேன். வயதில் பாதி ஆள்கூட அந்த வெயிலில் அப்படி ஓட முடியாது. கடைசியில் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்த அம்மாள் சாவியைத் திருப்பினாள். இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கை அணைத்திருந்தார்கள். அத்தை தூங்கிப்போயிருந்தாள். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வண்டி ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. நான் டேங்குக்கும் சாவிக்கும் நடுவே ஓடுவதைப் பக்கத்து வீட்டு விக் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "கிளெம், இது என்ன, மெல்போர்ன் குதிரைப் பந்தயமா? நான் உன்மேல பணம் கட்டட்டுமா?" என்றான். அவனுக்கு முழங்கால் மடங்காது, காது மந்தம், கண்ணில் புரை விழுந்து லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாய் மட்டும் புதுசு மாதிரி வேலை செய்யும். அவன் என் வீட்டு வாசலில் சாவியைத் திருப்புவான் சரி, அந்தக் காலோடு அத்தனை தூரம் காரில் வர முடியாது, பாதி வழியில் யார் திருப்புவது?

பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். ஒருமுறை ரொட்டி லாரியில் போனேன். லாரிக்காரர் நல்ல மனுஷன். ஆனால் கடைகளில் ரொட்டியை இறக்கும் நேரம்தான் எனக்கும் கிடைத்தது. அவள் கையைப் பிடித்து உட்கார்ந்தேன், வெளியே ஹாரன் அடித்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு லாரியில் போகவில்லை. வந்தது போலக் காட்டிவிட்டுப் போவது வராமல் இருப்பதைவிட மோசம்.

போனில் அவளால் பேச முடியாது. அதனால் நானே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். ஒருநாள் மூச்சும் கேட்கவில்லை. அங்கே வேலை பார்க்கும் டோங்கா நாட்டுப் பெண் சேலா போனை வாங்கினாள். "தட்டைத் தள்ளி விட்டுடறாங்க அங்கிள். ஞாயித்துக்கிழமை ஆனா நாற்காலியைக் கார் நிக்கிற பக்கமா திருப்பச் சொல்லிக் கை காட்டுறாங்க. சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்காங்க. ரொம்ப மெலிஞ்சுட்டாங்க. இந்த வாரம் வந்துடுவீங்கதானே?" என்றாள். வந்துவிடுவேன் என்றேன்.

போர்ட் அகஸ்டாவில் ஒரு பட்டறைக்குப் போன் செய்தேன். வண்டியைக் கட்டி இழுத்து வர வேண்டும், வந்த பிறகு வரிசையில் நிற்க வேண்டும் என்றான். "உன் வரிசையில நிக்கிற நேரத்துல நான் ஒரு ரயில் இன்ஜினையே கழட்டி மாட்டுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மைதானே. ரயில்வேயில் இருந்தபோது கரண்டியை வைத்துக்கொண்டே டீசல் இன்ஜினைச் சரிசெய்தவன் நான். புது பம்பை ரொட்டி லாரிக்காரரிடம் சொல்லி வரவழைத்தேன். ரொட்டி வாசனையோடு வந்து சேர்ந்தது.

இனி நான் செய்ததைக் கேள். பின் இருக்கையின் அடிப்பலகையைத் தூக்கினால் தரையில் ஒரு தகடு. அதன் கீழே டேங்கின் வாய். பம்ப் அதற்குள் தொங்கும். எவனும் செய்யலாம், டேங்க் காலியாக இருந்தால். நம் ஊர்க்காரன் எவன் டேங்கைக் காலியாக வைப்பான்? அடுத்த பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று தெரியாத ஊர். அதோடு பெட்ரோல் நிறைய இருந்தால் பம்ப் அதில் முங்கிக் குளிர்ச்சியாக இருக்கும், சீக்கிரம் சாகாது என்று நானே ஊர் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆக, செத்த பம்பை வைத்துக்கொண்டு கழுத்துவரை நிரப்பி வைத்திருந்தேன். தகட்டைத் திறந்தால் விளிம்பில் பெட்ரோல் தளும்புகிறது.

பேட்டரி வயரைக் கழற்றி, கதவு நான்கையும் திறந்து போட்டு, குழாயை விட்டு வாயால் உறிஞ்சினேன். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. வேறொருவனாக இருந்தால் ஆஸ்பத்திரி. விக் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "இன்னிக்கு நீ ஏப்பம் விட்டா அடுத்த ஊருக்கு எட்டும்டா. புகையிலை பைப்பைப் பத்த வைக்கலாம்னு பார்த்தேன், வேண்டாம்" என்றான். என் கேன்கள் நிரம்பி, விக்கின் கேன்கள் நிரம்பி, புல் வெட்டும் மிஷினுக்கும் ஊற்றியாகிவிட்டது. எங்கள் தெருவில் புல் கிடையாது என்பது வேறு விஷயம்.

பெட்ரோல் வாடை வாயை விட்டுப் போகவில்லை. இருக்கைக்கு அடியில் அத்தையின் புதினா மிட்டாய் ஒன்று கிடந்தது. காகிதம் உருகி ஒட்டிப்போயிருந்தது. பிரிக்க முடியாமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன்.

டேங்கின் வாயை மூடியிருக்கும் வளையம் துருப்பிடித்து இறுகியிருந்தது. இரும்பால் அடித்தால் பொறி பறக்கும், நானும் பறப்பேன். மரக்கட்டையை வைத்து மெல்ல மெல்லத் தட்டினேன். அந்தச் சமயத்தில் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புப் பாம்பு தலையை நீட்டியது, என் கை நீளம் இருக்கும். நான் முறைத்த முறைப்பில் அது வந்த வழியே போய்விட்டது. விக் அதைப் பார்க்கவில்லை. கண்ணில் புரை. ஒருவழியாக வளையம் கழன்றது. பம்பை வெளியே எடுத்தால், அடியிலிருக்கும் வடிகட்டித் துணியில் நம் ஊர்ச் செம்மண் களிமண்ணாக அப்பிக் கிடக்கிறது. பாவம், இத்தனை வருடம் மண்ணையே மூக்கால் உறிஞ்சியிருக்கிறது.

புதியதை மாட்டி, ரப்பர் வளையத்தை மாற்றி, எல்லாவற்றையும் மூடி, பேட்டரி வயரை மறுபடி மாட்டினேன். விக் கொண்டு வந்த மதியச் சான்ட்விச் தொடாமல் இருந்தது. அவன் கொண்டு வந்த ராத்திரிச் சான்ட்விச்சும் பக்கத்தில் இருந்தது. பெரிய வேலை இல்லை, நிதானமாகச் செய்தேன், அவ்வளவுதான்.

சாவியை முதல் கட்டம் திருப்பினால் பின்னால் இரண்டு நொடி ரீங்காரம் கேட்க வேண்டும். முன்னால் இருக்கிற எனக்குக் கேட்கவில்லை. விக்குக்குக் காது மந்தம். ஆனால் மூளைக்காரன், குனிந்து உள்ளங்கையைத் தகட்டின்மேல் வைத்துக்கொண்டான். திருப்பினேன். "கிளெம், உள்ள பூனை உறுமுதுடா. கை கூசுது" என்றான். இன்னும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். சரிபார்க்கத்தான்.

இன்று காலை கிளம்பினேன். வழி முழுக்க வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. இல்லத்துக்குள் போனேன். அத்தை ஜன்னலோரம் இருந்தாள். என் வண்டி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறாள். நான் பக்கத்தில் போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையைத் தொட்டேன், இழுத்துக்கொண்டாள். சேலா கொண்டு வந்த தட்டு அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.  லொரெல், நான் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டு உட்கார்ந்தேன்.

வேறு வழி தெரியாமல் பம்ப் கதையை ஆரம்பித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தலைக்குப் பின்னாலிருந்து சொன்னேன். பெட்ரோல் குடித்ததைச் சொன்னேன். ஒன்றுமில்லை. பாம்பு என் உயரம் இருந்தது என்றேன். ஒன்றுமில்லை. "மொத்த வேலையும் ஒரு மணி நேரம்தான் நோலீன். விக் டீ போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள முடிச்சுட்டேன்" என்றேன்.

"ம்க்கும்" என்றாள்.

நான் ஒரு பொய் சொன்னால் மூக்கால் ஒரு சத்தம் விடுவாள். கல்யாணத்தன்று உறுதிமொழி சொல்லும்போதுகூட விட்டாள், பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். பக்கவாதம் வந்த பிறகு அந்தச் சத்தம் வந்ததே இல்லை. வார்த்தை போன மாதிரி அதுவும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். சேலா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். "இப்ப சத்தம் போட்டது அவங்களா?" என்று கேட்டாள்.

அப்புறம் என்னை யார் நிறுத்த முடியும்? பட்டறைக்காரன் கூப்பிட்டு வேலைக்கு வரச் சொல்லி அழுதான் என்றேன். ம்க்கும். பாம்பைக் காரோடு சேர்த்து அளந்தேன், கார்தான் குட்டை என்றேன். ம்க்கும். மெல்ல முகம் இந்தப் பக்கம் திரும்பியது. நான் பொய் சொல்லச் சொல்ல, சேலா கரண்டியால் ஊட்ட ஊட்ட, ஆறிப்போன ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் தட்டில் பாதிக்குமேல் குறைந்தது. "வாரம் ஒரு தடவை இவரை இப்படிப் பேச விடணும்" என்று சேலா சொன்னாள். வாரம் ஒரு தடவை என்ன, வியாழக்கிழமையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் உன் மாடி அறைக்கு நான் வர முடியாது, மருமகளே. கடலை நான் போர்ட் அகஸ்டாவிலேயே பார்த்துக்கொள்கிறேன், அங்கேயும் ஒரு வாலளவு கடல் இருக்கிறது. அறையை வாடகைக்கு விட்டுவிடு. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. நீ கூப்பிட்டது எனக்கு எவ்வளவு பெரிது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது.

இப்போது வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டி வாசலில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் போதும், ஒரே ஆள் போதும். கடிதத்தை முடித்துவிட்டு, உன் அத்தைக்குப் படித்துக் காட்டுவது போல ஒருமுறை சத்தமாகப் படித்தேன். சமையலறை எல்லாவற்றையும் நம்பிவிட்டது. குளிர்பதனப் பெட்டிகூட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருங்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருங்கள். நேரம் கிடைத்தால் பதில் எழுது. எழுதும்போது மரியாதை எல்லாம் பார்க்காதே. இந்தக் கடிதத்தில் எந்தெந்த இடம் பொய் என்று நீயே கண்டுபிடித்து, கொஞ்சம் கடுமையாகவே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கிளெம் மாமா