நாற்பத்தெட்டு நாள் மருந்து

மச்சான், இன்று காலை வேலைக்குச் செனாவாங் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மழைச்சட்டை எடுக்க உன் மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் தூக்கினேன். உன் கருமாதி முடிந்து, உன் மனைவி, தங்கச்சி, அதை என்னிடம் கொடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அடியில் மருத்துவமனைப் பைகள் மூன்று. உள்ளே உன் கேப்சூல்கள், ஒன்றுகூடப் பிரிக்காமல். முதல் பையில் இருந்த தேதி, நீ காவடிக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கிய மாதம். மற்ற இரண்டும் அதற்குப் பிறகு வாங்கியவை. மழையிலேயே நின்றேன்.

உன் ரத்தப் புற்றுநோயை எனக்கு விளக்கியவனே நீதான். பகாவ் பக்கத்து எஸ்டேட் பள்ளியில் என்னைப் பார்த்து எழுதியவன், மருத்துவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாய். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் நுனி மாறி ஒட்டிக்கொண்டனவாம். அதில் பிறந்த புரதம் எலும்பு மஜ்ஜையைப் பெருகு பெருகு என்று விரட்ட, வெள்ளையணுக்கள் குவிந்தனவாம். மருந்து அந்தப் புரதத்தின் வாயை அடைக்கும். "தெனமும் அடைக்கணும்டா. விட்டா மறுபடி கத்தும்" என்றாய். இரண்டு வருடத்தில் பரிசோதனையில் நோய் கண்ணிலேயே படவில்லை. அந்த நன்றிக்குத்தான் காவடி நேர்ந்துகொண்டாய்.

விரதம் தொடங்கிய புதிதில் ஒருநாள், வேலையிடத்துக் கேன்டீனில் முட்டை சேராத மீ நூடுல்ஸ் தேடிக்கொண்டிருந்தாய். என் வாய் சும்மா இருக்குமா? "பெரிய சைவம்லா நீ! அந்த கேப்சூலோட மேல்கூடே மாட்டு எலும்புல செய்றதுதான், தெரியுமா?" மேசையே சிரித்தது. "அப்படியாடா?" என்று மட்டும் கேட்டாய்.

காவடி இறக்கியபோது தெம்பாகத்தான் இருந்தாய். அதை நம்பித்தான் அப்புறமும் மருந்தைத் தொடாமல் விட்டுவிட்டாயா? பிறகு காய்ச்சல், பல் ஈறில் ரத்தம். முதிராத அணுக்கள் மஜ்ஜையை நிறைத்துவிட்டன என்றார்கள். ஐந்தே வாரம்.

வேலைக்குப் போகாமல் மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதே மருந்து கூடு இல்லாம மாத்திரையாவும் இருக்கு அண்ணே. கேட்டிருந்தா டாக்டர் மாத்தி எழுதியிருப்பாரு" என்றாள். அவ்வளவுதானாம், மச்சான்.

மம்பாவில் உன் வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து தோற்றுப்போனதாகத்தான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். என்னைத் திட்டவில்லை.

"நீ அதைச் சொன்னப்ப அவரு முகம் எப்படிண்ணே இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை, மச்சான். எல்லாரும் சிரிக்கிறார்களா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.