முழுசா விழுங்கணும்

இன்று காலை குழந்தைகளுக்கான புது மாத்திரைப் பெட்டியைப் பிரித்தேன். அறை முழுக்க ஸ்ட்ராபெரி மிட்டாய் வாசம். கொஞ்சம் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடுகிறது. முட்டத்திலிருந்து வந்த ஒரு குழந்தை அதைக் குடித்துவிட்டு உதட்டை நக்கியது. அதன் அம்மா சிரித்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும்.

பத்தாம் வகுப்புவரை நாம் ஒரே பெஞ்ச். பிறகு நீ களியக்காவிளையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாய். நான் பார்மசி படித்து, ஓர் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தேன். ஒருநாள் அந்த ஜன்னலுக்கு வெளியே, துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நீ நின்றாய்.

"ஏட்டி, நீயா இருக்கே? நல்லதாப் போச்சு. தெரியாத ஆளுகிட்ட சொல்லாண்டாம்லா."

அப்போதே உன் வாயிலும் தொண்டையிலும் வெள்ளை வெள்ளையாகப் புண். அதற்கும் மருந்து கொடுத்தோம். எச்.ஐ.வி. மாத்திரையோ கட்டைவிரல் நகத்தைவிட நீளமாக இருந்தது.

"மக்கா, துப்பலு எறங்கவே உயிரு போவுது. பொடிச்சுக் கஞ்சில கலக்கட்டா?"

"கூடாதுட்டி. முழுசா விழுங்கணும்."

பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அன்றே டாக்டரிடம் கேட்டேன். மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்கள் என்றார். எழுதினேன். பதில் இல்லை. போன் செய்தால், "பாத்துச் சொல்றோம் மேடம்." திரும்பவும் எழுதினேன்.

அதற்குள் நீ புண் ஆறிவிட்டது என்றாய். நம்பினேன். மாதாமாதம் "ஒழுங்கா குடிக்கியா?" என்று கேட்பேன். "குடிக்கேன்" என்பாய். உன் எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. காசநோயும் சேர்ந்துகொண்டபோது உன்னைப் படுக்கையில்தான் பார்த்தேன். நீ திரும்ப எழவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் உன் அக்கா ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே மாத்திரைகள். ஒவ்வொன்றும் ஓரம் கரைந்து, காய்ந்து கிடந்தது.

"இவ குடிக்காமலா இருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. தினமும் வாயில போட்டு விழுங்கப் பாத்திருக்கா. எறங்காமத் துப்பியிருக்கா."

என்னிடம் ஏன் மறைத்தாய்? வைவேன் என்று பயந்தாயா?

அந்த மாதக் கடைசியில் பதில் வந்தது. ஒரே ஒரு வரி. அந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கலாமாம். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை மாதம் காத்திருந்தோம்.

இன்றைக்கும் பெரியவர்களுக்கு அதே பெரிய மாத்திரைதான். மேலதிகாரிகள் வரும் கூட்டங்களில் எழுந்து கேட்கிறேன். மருந்து நல்லா வேலை செய்யுது, வேறென்ன வேணும் என்கிறார்கள். தொண்டையைத் தாண்டினால்தானே வேலை செய்யும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

உன்னை ஒரே ஒருமுறை வாயைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கலாம். கூடப் படித்தவளிடம் அப்படிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது யார் வந்தாலும் டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொல்கிறேன். என் முன்னாலேயே ஒரு மாத்திரையை விழுங்கச் சொல்கிறேன். இறங்காவிட்டால், டாக்டரிடம் கேட்டுவிட்டு அங்கேயே பொடித்துக் கலக்கிக் கொடுக்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சிலர் திட்டிவிட்டுப் போகிறார்கள். திட்டட்டும்.