பெரிய அளவில் எடுத்த நாய்

2006 செப். 1, வெள்ளி. பதுளை
காலையிலிருந்து தூறல். ஸ்டூடியோவுக்குப் புது கேமரா வந்தாயிற்று. பத்து மெகாபிக்சல். கம்ப்யூட்டர் பார்க்கும் ரஞ்சனி பெட்டியைப் பிரிக்கும்போதே ஆரம்பித்தாள்: "எல்லாத்தையும் பெரிய அளவுல எடுத்துத் தள்ளாதீங்க. என் மெஷின் தாங்காது." தாங்காவிட்டால் மெஷினை மாற்று. சின்னதாக எடுக்கவா டெக்னிக்கல் காலேஜில் படித்தேன்?

ஞாயிறு பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கல்யாணம். பெண் சுமதி. அவள் அம்மா போனில்: "மூத்தவன் கத்தார்ல இருக்கான் தம்பி. லீவு குடுக்கல. தங்கச்சிக்குத் தாலி கட்டுறத அவன் பாக்கணும். மறுநாளே அனுப்பிருங்க."
வாக்குக் கொடுத்தாயிற்று.

கொண்டுபோக: ஃபிளாஷ், பேட்டரி 2, குடை. கார்டு ஒன்று, 1 ஜிபி. போதும்.

செப். 3, ஞாயிறு
வெயில். போகிற வழியில் மலைமேல் பனிமூட்டம், 11 படம். பந்தலடியில் தூங்கிய நாய், 4. அபாரத் தெளிவு, மீசையை எண்ணலாம்.

படம் ஒன்றுக்குப் பத்து எம்பி. கார்டில் தொண்ணூற்றுச் சொச்சம்தான் அடங்கும். பெண்ணோடு நின்று ஒன்று எடுக்காமல் எந்தக் குடும்பமும் நகராது என்பதை மறந்துவிட்டேன். மேட்டு லயத்து வீட்டுக்காரர்கள் முடிந்தால் பள்ளத்து லயம். "அண்ணே, சின்னவன் கண்ண மூடிட்டான், இன்னொன்னு!"

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குப் பந்தலைச் சுற்றக் கிளம்பியது. கார்டு முழுசாக நிறைந்துவிட்டது. யார் குடும்பத்தை அழிப்பது? பனிமூட்டம் இரண்டை அழித்தேன். இரண்டு படத்துக்குத்தான் இடம். தட்டு இன்னும் மூன்று வரிசை தள்ளி. மீதிப் பனிமூட்டத்தையும் நாயையும் அழிக்க மனசு வரவில்லை. அளவை ஆகச் சின்னதுக்கு இறக்கினேன். இப்போது நாற்பது எடுக்கலாம். கெட்டிமேளம். தாலிப் படம் கிடைத்தது. சுமதி அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

செப். 4, திங்கள்
மெஷின் திணறல். ஒரு குடும்பப் படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தேன். ரஞ்சனி: "நெத்தி வந்திருச்சு. மூக்கு மத்தியானத்துக்கு மேலதான்."
கத்தாருக்கு அனுப்ப டெலிபோன் லைனில் இன்டர்நெட். பெரிய படம் மூன்று தடவை பாதியில் அறுந்தது. தாலிப் படம் ஐந்தே நிமிடத்தில் போய்விட்டது. ரஞ்சனி என் முகத்தையே பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

செப். 6, புதன்
மழை. கத்தாரிலிருந்து அண்ணன்காரர் போனில்.
"பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சுங்க. அம்மா வீட்டுல செவரு பூரா வர்ற மாதிரி அடிச்சுக் குடுங்க."
"முடியாதுங்க. சின்னதா எடுத்தது. பெருசாக்கினா மூஞ்சி கட்டம் கட்டமாப் போயிரும். என் தப்புதாங்க."
பின்னாலிருந்து ரஞ்சனி: "நாய வேணும்னா செவரு பூரா அடிக்கலாம்னு சொல்லுங்க!"
அவருக்கும் கேட்டுவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார்.
"சரி, பர்ஸுல வைக்கிற அளவுல ஒன்னு அடிங்க. தபால்ல போடுங்க. இங்க எனக்கு ஏது செவரு?"
அடித்தேன். தாலி முடிச்சுவரை தெரிகிறது.