இட்லிக் குண்டான் விண்கலம்

பெசன்ட் நகர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்துவிட்ட இட்லிக் குண்டானை விண்கலமாக்கிவிட்டேன். நான் பைத்தியமாகப் பார்க்கிற அந்தப் பழைய விண்வெளிப் படங்களில் வருகிற மாதிரி. வெள்ளிப் பெயிண்ட், மோட்டார், ஒயரிங் எல்லாம் என் வேலை. அறையில் கூட இருந்த சேரன் அதைத் தன் பெயரில் கல்லூரிக் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டான். ஒயரை மாட்டிக்கொடுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டான்.

நான் சண்டை போடவில்லை. போய், அடிப்பக்கத்துப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, கூடத்துத் திரைக்குப் படம் அனுப்பும் கேமராவை அந்த இடத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

எல்லோர் முன்னாலும் சேரன் பட்டனை அழுத்தினான். கலம் எழும்பியது. பெரிய திரை முழுக்க, பாத்திரக்கடையில் நீங்கள் வெட்டி வாங்கிய உங்கள் பெயர்: மர்சலின், தூத்துக்குடி.

"இன்னா மச்சி, உன் ராக்கெட்ல மர்சலின்னு கீது? யாரு, உன் ஆளா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கூடமே சிரித்தது.

சேரன் அன்றே வேறு அறைக்குப் போய்விட்டான். பிறகு மன்னிப்புக் கேட்டு வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொல் என்று எழுதாதீர்கள். எனக்கு வருத்தமே இல்லை.

ஹோட்டல் இட்லி வாயில் வைக்க முடியவில்லை. வேறு குண்டான் அனுப்புங்கள். சின்னது போதும், இப்போது நான் ஒருவன்தான். பெயரை மட்டும் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள்.

மாதா கோவிலில் பூசைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்,
நோயல்