"நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதாங்கய்யா" என்ற அண்ணனுக்கு

என் உயிரான பாண்டி அண்ணே,

செத்தவனோடு சண்டை போடக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். நான் போடத்தான் போகிறேன். உயிரோடு இருக்கிறவர்களோடும் போட வேண்டியிருக்கிறது, ஆனால் முதலில் உன்னோடு.

பெரியப்பா மகன் ஒத்தக்கடை வீட்டுக்கு வழக்குப் போட்டபோது என்ன சொன்னாய்? "நம்ம வீட்டுக்கு நாமளே போய்ப் பேசிக்கிருவோம், வக்கீல் எதுக்கு?" என்றாய். வக்கீல் வைக்க வழியில்லை என்பதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா பாகத்துக்கு வந்த இடத்தில் நீ ஆட்டோ ஓட்டிக் கட்டிய வீடு அது. காலேஜும் பிளாட்டும் வந்து அந்தப் பக்கத்து மண்ணுக்கு மவுசு கூடியதும் பங்காளிக்குக் கண் உறுத்தியது.

அன்றைக்கு நானும் கோர்ட்டுக்கு வந்திருந்தேன். நீ மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அவர்கள் வக்கீல் பாதி இங்கிலீஷில் சரசரவென்று என்னவோ சொன்னார். இடம் மொத்தமும் அவர்களுடையது, நீ சும்மா தங்கியிருக்கிறாய் என்று சொன்னாராம், பிறகுதான் தெரிந்தது. நீதிபதி உன்னைப் பார்த்து, "இதுக்கு என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதாங்கய்யா."

அடப்பாவி அண்ணே!

பெரிய மனுஷர் முன்னால் நாம் அப்படித்தான் பேசுவோம். பஞ்சாயத்தில் பேசுவோம், டாக்டரிடம் பேசுவோம், பொண்ணு பார்க்கப் போன வீட்டில்கூடப் பேசுவோம். உங்களை நம்பி வந்திருக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் உண்டா? கோர்ட்டில் அதையே "பிரதிவாதிக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதி, வீடு அவனுக்கே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அங்கே இருந்த அத்தனை கறுப்புக் கோட்டில் ஒருத்தருக்காவது, "ஏய்யா, தெரிஞ்சுதான் சொல்றியா?" என்று கேட்க வாய் வரவில்லையா? வசதியில்லாதவனுக்கு அரசாங்கமே வக்கீல் வைத்துக் கொடுக்கும் என்று சொன்னால் யார் வீட்டுச் சொத்து குறைந்துவிடும்?

அந்த இலவச சட்ட உதவி அலுவலகம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. நாம் டீ குடித்த இடத்துக்கு எதிரே. போர்டு உண்டு, அதை வேப்பங்கிளை மறைத்துக்கொண்டிருக்கிறது. வெட்டிவிட ஒரு நாதியில்லை.

"நானே வாயால கெடுத்துட்டேன் தாயி" என்று புலம்பிப் புலம்பியே நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்தாய். நீ கெடுக்கவில்லை அண்ணே. இதைக் கேட்க நீ இல்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

கருமாதி முடிந்த கையோடு பங்காளி வந்து, "வீட்ட எப்பக் காலி பண்றீக?" என்று மதனியிடம் கேட்டான். நான் அவனைக் கேட்ட கேள்வி ஒத்தக்கடை முழுக்கக் கேட்டிருக்கும். மறுநாளே மதனியைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், கண்ணில் பட்டவர்களையெல்லாம் விசாரித்து அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்தேன்.

அங்கிருந்த அம்மா, "பொம்பளைங்களுக்கு வருமானம்கூடப் பாக்க மாட்டோம்மா. எம்புட்டு நாளா இங்க இருக்கோம், முன்னாடியே வர்றதுக்கென்ன?" என்றார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று மேஜையில் அடித்துக் கேட்டுவிட்டேன். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சின்ன வயசு வக்கீலம்மாவைக் கொடுத்தார்கள். நன்றாகவே பார்க்கிறாள். மேல்முறையீடு போட்டு, வீட்டைக் காலி செய்யத் தடையும் வாங்கிவிட்டாள். மதனியும் பிள்ளைகளும் உன் வீட்டில்தான் இருக்கிறார்கள். "இது எங்க அப்பா பாகம்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தாலே போதும்க்கா" என்றாள் அந்த வக்கீலம்மா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கத்தானே உனக்கு ஆள் இல்லாமல் போனது?

இப்போது வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் நான் சீக்கிரமே போய்க் கோர்ட் வாசலில் நின்றுகொள்கிறேன். தனியாக வருகிறவர்களை நிறுத்தி, "வக்கீல் இருக்காரா? இல்லேன்னா மொதல்ல அந்த ஆபீசுக்குப் போங்க" என்று கையைப் பிடித்துக் காட்டுகிறேன். சிலர் திட்டுகிறார்கள். சிலர் போகிறார்கள்.

போன தடவை காவலுக்கு நின்றவர் வந்து, "நீ யாரும்மா, வக்கீலா?" என்று அதட்டினார்.

"இல்லய்யா, இங்க அண்ணனப் பறிகுடுத்தவ" என்றேன்.

வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் நான் அங்கே நிற்பேன் அண்ணே. யார் விரட்டினாலும் நிற்பேன்.

உன் வாயாடித் தங்கச்சி,
முத்துச்செல்வி